கூட்டம் கலையட்டும்

2023 ஏப்ரல் 12. சேப்பாக்கத்தில் சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் ஆட்டம். கடைசி ஓவரில் 21 ரன் வேண்டும், தோனி நிற்கிறார். இரண்டு சிக்ஸர் பறந்தது. கடைசிப் பந்துக்கு 5 ரன் என்று வந்து நின்றபோது எங்கள் ஸ்டாண்டில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. சந்தீப் சர்மா கால்கிட்ட ஒரு யார்க்கரை இறக்கினார். ஒரு ரன்தான் வந்தது. மூன்று ரன்னில் தோல்வி.

ஒரு நொடி அமைதி. அப்புறம் அரங்கம் முழுக்க ஒரே சமயத்தில் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் அப்பா மட்டும் தன் இருக்கையில் மறுபடி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

"உட்காருடா. கூட்டம் கலையட்டும்."

இந்த வாக்கியத்தை நான் அவரிடம் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரிந்தது அன்றைக்கு ராத்திரி, அண்ணா சாலைக்கு அடியில், அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் நின்றபோதுதான். அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் அப்பாவின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1986 செப்டம்பர் 22, இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்டின் கடைசி நாள். அப்பா மைதானத்தில் இருந்தார். இந்தியாவுக்கு 348 இலக்கு. டீ முடிந்து கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், பஸ்ஸில் கால் வைக்க முடியாது, ஆட்டமும் டிராவில்தான் முடியும் என்று கணக்குப் போட்டு எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் வசதியாக ஜன்னலோரம் சீட்டும் கிடைத்திருக்கிறது. சைதாப்பேட்டையில் இறங்கி, டீக்கடை ரேடியோவுக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இந்தியா 347க்கு ஆல் அவுட். ஆட்டம் டை, இரண்டு பக்கமும் சம ரன். டெஸ்ட் வரலாற்றிலேயே அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்திருந்தது.

அதற்கப்புறம் அவர் எந்த ஆட்டத்திலிருந்தும் முன்னதாக எழுந்து வந்ததில்லை. சீக்கிரம் கிளம்பக் கூடாது என்றால் கூட்டத்தில் மாட்ட வேண்டும். கூட்டத்தில் மாட்டாமல் இருக்க ஒரே வழி, தாமதமாகக் கிளம்புவது. இப்படித்தான் அந்தப் பதினைந்து நிமிட உட்காரல் எங்கள் வீட்டு வழக்கமானது.

அந்த வழக்கத்தால் எனக்குக் கிடைத்தது பெரிய சொத்து. 1999 ஜனவரி 31, பாகிஸ்தான் டெஸ்ட். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சச்சின் 136 அடித்து அவுட்டாகி, மிச்ச விக்கெட்டுகள் நாலு ரன்னுக்குள் சரிந்து, 12 ரன்னில் தோற்றோம். நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா உட்காரச் சொன்னார். மொத்த ஸ்டாண்டும் எழுந்து நின்று கை தட்டியதையும், பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்ததையும் நான் முழுசாகப் பார்த்தது அதனால்தான். அப்புறம் வாலாஜா சாலையில் நடந்தோம். ஆயிரக்கணக்கானவர்கள் பேச்சே இல்லாமல் நடந்த அந்தச் செருப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடல் பக்கத்திலிருந்து காற்று முதுகில் அடித்தது. மவுண்ட் ரோடு பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினோம்.

இப்போதும் அதே வாலாஜா சாலைதான், அதே நடைதான். முடிகிற இடம் மட்டும் பஸ் ஸ்டாப்பிலிருந்து தரைக்கு அடியில் போய்விட்டது.

சேப்பாக்கம் மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரயில் நிலையம் ஏற்கெனவே இருக்கிறது என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போகிற பறக்கும் ரயிலின் சேப்பாக்கம் ஸ்டேஷன். 1995இல் அந்தத் தடம் கடற்கரையிலிருந்து அதுவரைக்கும்தான் முதலில் திறக்கப்பட்டது. அது மேலே ஓடுகிறது. மெட்ரோ கீழே ஓடுகிறது. இரண்டும் மைதானத்துக்கு இரண்டு பக்கத்தில் இருக்கின்றன. இது எவ்வளவு பெரிய நல்ல விஷயம் என்று பின்னால் சொல்கிறேன்.

அரசினர் தோட்டம் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியூர்க்காரர்கள் பலர் மெட்ரோ வரைபடத்தைப் பார்த்து, சேப்பாக்கம் என்று மெட்ரோவில் ஸ்டேஷனே இல்லையே என்று தேடுவார்கள். அரசினர் தோட்டம் என்பது வெள்ளைக்கார கவர்னர்களின் மாளிகையும் அதைச் சுற்றிய பெரிய தோட்டமும் இருந்த இடம். 1802இல் விருந்து மண்டபமாகக் கட்டி முடித்த ராஜாஜி ஹால் இன்னும் அங்கே நிற்கிறது. கவர்னர் மாளிகையை இடித்துவிட்டுக் கட்டிய புதிய தலைமைச் செயலகம்தான் இன்றைய ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை. மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பழைய நிலத்தின் பெயரையே வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆட்ட நாளில் ரயிலுக்குள் யாராவது ஒருவர், "சேப்பாக்கத்துக்கு எங்க இறங்கணும்?" என்று கேட்காமல் இருந்ததில்லை. அதற்குப் பத்துப் பேர் ஒன்றாகப் பதில் சொல்லாமலும் இருந்ததில்லை.

லண்டனில் இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. 1906இல் திறந்த ஒரு சுரங்க ரயில் நிலையத்துக்கு கில்லெஸ்பி ரோடு என்று தெருவின் பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே ஆர்சனல் கால்பந்து அணியின் மைதானம். அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் விடாமல் முட்டி மோதி, 1932இல் அந்த நிலையத்தின் பெயரையே ஆர்சனல் என்று மாற்ற வைத்தார். லண்டன் சுரங்க ரயிலில் ஒரு கால்பந்து அணியின் பெயரைத் தாங்கிய நிலையம் அது ஒன்றுதான். பிளாட்பாரச் சுவரில் பழைய பெயர் பதித்த ஓடுகள் இப்போதும் இருக்கின்றன.

பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நிலையத்தின் நடைவழி. பிளாட்பாரத்திலிருந்து தெருவுக்கு வர நீளமான, சரிவான ஒரு சுரங்கப் பாதை. எஸ்கலேட்டர் இல்லை, லிஃப்ட் இல்லை. அந்தப் பாதையின் ஓரமாக ஒரு தடுப்பு வைத்து ஒடுக்கமாக ஒரு தனி வழி பிரித்திருக்கிறார்கள். ஆட்ட நாளில் பெருங்கூட்டம் ஒரு பக்கம் போகும்போது எதிரே வருகிற நாலு பேர் அதில் வரலாம். ஆட்டத்துக்கு முன் கூட்டம் மேலே ஏறும், முடிந்த பின் கீழே இறங்கும், கடல் அலை ஏறி இறங்குகிற மாதிரி. 

2006இல் ஆர்சனல் அணி அருகிலேயே எமிரேட்ஸ் என்ற புதிய மைதானத்துக்கு மாறியது. அதன் வாசலுக்கு மிக அருகே ஹாலோவே ரோடு என்று இன்னொரு சுரங்க நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கே மேலே கீழே போக முக்கியமாக லிஃப்ட்தான். லிஃப்ட் ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரைத்தான் ஏற்றும். அதனால் ஆட்ட நாட்களில் அந்த நிலையத்துக்குக் கட்டுப்பாடு போடுகிறார்கள். அறுபதாயிரம் பேர் வெளியே வரும் நேரத்தில் மிக அருகே இருக்கிற ஸ்டேஷன் உதவாது, கொஞ்சம் நடந்து போகிற ஸ்டேஷன்தான் உதவும்.

இதைப் படித்த நாளிலிருந்து அரசினர் தோட்டத்தை நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். மைதானத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஏன் இவ்வளவு தள்ளிக் கட்டினார்கள், வாசலிலேயே கட்டியிருக்கக் கூடாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். தடம் அண்ணா சாலைக்கு அடியில் போகிறது, அதனால் அங்கே கட்டினார்கள் என்பதுதான் நேரான பதில். ஆனால் அந்தத் தூரம் தற்செயலாகக் கிடைத்த வரம் என்று நான் மனசார நம்புகிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது என் கணக்குத்தான். மைதானத்தில் சுமார் 38,000 பேர் உட்காரலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு மெட்ரோவுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 12,600 பேர். நான்கு பெட்டி ரயிலில் நெருக்கி நின்றால் ஏறத்தாழ 1,200 பேர் போகலாம். ஒவ்வொரு திசையிலும் ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து மணிக்கு 20 ரயில், 24,000 பேர். ஆக 12,600 பேரை அள்ளிப் போக அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அந்த 12,600 பேரும் ஐந்து நிமிடத்தில் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால்? கீழே போக இடமில்லாமல் தெருவிலேயே தேங்குவார்கள். அரை மணி நேரத்தில் பரவலாக வந்தால்? வருகிற வேகமும் போகிற வேகமும் ஒத்துப் போய்விடும்.

அந்தப் பரவலைச் செய்வதுதான் ஒரு கிலோமீட்டர் நடை. கல்லூரிப் பையன்கள் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார். நடுவில் தண்ணீர் பாட்டில் வாங்க நிற்பவர்கள், மைதானத்து விளக்குக் கோபுரத்தைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுப்பவர்கள், எந்தப் பந்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று நடுரோட்டில் நின்று வாதம் செய்பவர்கள், எங்கள் அப்பா மாதிரி முட்டியைத் தடவிக்கொண்டு நடப்பவர்கள். ஒரே நொடியில் மைதானத்தைவிட்டு எழுந்த கூட்டத்தை அந்தச் சாலை நூல் மாதிரி நீட்டி விடுகிறது. பறக்கும் ரயில் இன்னொரு பக்கத்தில் ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது. திருவல்லிக்கேணிக்காரர்கள் பெல்ஸ் ரோட்டில் மறைந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பேர் மெரினா பக்கம் போய்விடுகிறார்கள். ஊர் ஒவ்வொரு திசையிலும் ஒரு கை நீட்டி வாங்கிக்கொள்கிறது.

ஆட்டம் எப்படி முடிந்தது என்பதும் இதில் இருக்கிறது. அரசினர் தோட்டம் ஸ்டேஷன் திறந்தது 2019 பிப்ரவரி 10, ஏஜி டிஎம்எஸ் வண்ணாரப்பேட்டை தடத்தோடு. ஆறு வாரம் கழித்து, மார்ச் 23இல், அந்த வருட ஐபிஎல்லின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான். பெங்களூரு 70 ரன்னுக்குச் சுருண்டது. அப்படிப்பட்ட நாளில் பதினைந்தாவது ஓவரிலேயே ஆட்கள் கிளம்பத் தொடங்கிவிடுவார்கள், ஸ்டேஷனுக்கு வேலை சுலபம். 2024 மே 26 இறுதிப் போட்டியும் அந்த மாதிரிதான், ஹைதராபாத் 113, கொல்கத்தா பத்தரை ஓவரில் முடித்துவிட்டது. ஆனால் ஏப்ரல் 12 மாதிரி கடைசிப் பந்து வரை போகிற நாளில் ஒரு ஆள் முன்கூட்டி நகர மாட்டார். அதாவது நமக்கு மிக நல்ல ஆட்டம் எதுவோ, அதுதான் ஸ்டேஷனில் இருப்பவர்களுக்கு மிகக் கடினமான ராத்திரி. டிவியே பார்க்காமல், படியிறங்கி வருகிற கூட்டத்தின் வேகத்தை வைத்தே அவர்கள் ஸ்கோரைச் சொல்லிவிடலாம்.

இடையில் 2020லிருந்து மூன்று வருடம் இந்தக் கூட்டமே இல்லை. கொரோனா. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து டெஸ்டுக்குப் பாதி அரங்கம் அனுமதித்தார்கள், அவ்வளவுதான். ஆக, அந்த ஸ்டேஷன் உண்மையில் சேப்பாக்கம் ஸ்டேஷனானது 2023இல், புது ஸ்டாண்டுகள் திறந்து சென்னை அணி சொந்த ஊருக்குத் திரும்பி வந்த அந்த ஏப்ரலில்தான்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது சாலை முழுக்க மஞ்சள். கலைவாணர் அரங்கத்தைத் தாண்டும்போதே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, நடைபாதைக் கட்டையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தோம். அவருக்கு 74 வயது. ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால் அங்கே ஒரு கயிறு. தடிமனான, அழுக்கேறிய வெள்ளைக் கயிறு. ஒரு முனையை ஒரு காவலரும் மறுமுனையைப் பாதுகாப்புப் பணியில் இருந்த ஒரு அம்மாவும் பிடித்திருந்தார்கள். அந்த அம்மாவின் கழுத்தில் விசில் தொங்கியது, ஆனால் அவர் அதை ஊதவில்லை. உள்ளங்கையைக் காட்டி, "கொஞ்சம் நில்லுங்க, கீழ வண்டி போகட்டும்" என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவே இல்லை. யாரும் கயிற்றைத் தள்ளவில்லை. சற்றுப் பொறுத்து அவருடைய வாக்கிடாக்கி கரகரத்தது. கயிறு இறங்கியது. நூறு, நூற்றைம்பது பேர் உள்ளே போனார்கள். மறுபடி கயிறு ஏறியது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ஒரு சுரங்க ஸ்டேஷனில் கூட்டத்தை நிறுத்த வேண்டிய இடம் மேலேதான். கீழே நிறுத்தினால் கதை வேறு. எஸ்கலேட்டரை நினைத்துப் பாருங்கள். அதன் அடிவாரத்தில் ஆட்கள் நகர இடமில்லாமல் நின்றுவிட்டால் எஸ்கலேட்டருக்கு அது தெரியாது, மேலிருந்து ஆளைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். படிக்கட்டில் மேலே நிற்பவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது, முன்னால் போவோம் என்றுதான் நினைப்பார். தள்ளுகிறவர் ஒருவர்கூட இல்லாமலேயே நெரிசல் வந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் நின்றால் நாம் நடக்கிறோம். ஆறு, ஏழு என்று போனால் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது.

1982 அக்டோபர் 20, மாஸ்கோவில் இன்றைக்கு லுஷ்னிகி என்கிற மைதானத்தில் ஸ்பார்டக் அணியின் கால்பந்து ஆட்டம். கடுங்குளிர், கூட்டமும் குறைவு. ஆட்டம் முடியும் நேரத்தில் பலர் ஒரே படிக்கட்டு வழியாக இறங்கினார்கள், மெட்ரோ நிலையத்துக்குப் பக்கமாக இருந்தது அதுதான் என்பதால். அந்தப் படிக்கட்டில் அரசு ஒப்புக்கொண்ட கணக்கின்படியே 66 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். எல்லாரும் வீட்டுக்குப் போக அவசரப்பட்டவர்கள், வேறொன்றுமில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2025 ஜூன் 4, பெங்களூரு. முதல் கோப்பையை வென்ற அணியைப் பார்க்கச் சின்னசாமி மைதானத்துக்கு வந்தவர்களில் 11 பேர் வாசல்களில் நெரிசலில் செத்துப்போனார்கள். அந்த மைதானத்துக்கு மிகப் பக்கத்தில் கப்பன் பார்க் என்று ஒரு சுரங்க மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. அன்று மாலை அங்கேயும் விதான சௌதா ஸ்டேஷனிலும் ரயில்கள் நிற்காமல் போயின. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்கு அந்த வெள்ளைக் கயிறுதான் ஞாபகம் வந்தது. ரயில் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை ஆயிரம் பேரைக் கொண்டுவந்து விடும். வாசல் பூட்டியிருக்கிறதா, உள்ளே இடம் இருக்கிறதா என்பது ரயிலுக்குத் தெரியாது. மைதானத்தில் இருப்பவரும் ஸ்டேஷனில் இருப்பவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால்தான் அது தெரியும். அந்த அம்மாவின் வாக்கிடாக்கி அன்று கரகரத்ததே, அதன் விலை எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கயிறு எங்களுக்காக இறங்கியதும் படியில் கால் வைத்தோம். ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பத்துப் படி இறங்குவதற்குள் கீழிருந்து ஏசி காற்று வந்து முகத்தில் பட்டது. முன்னால் போன ஒரு பெண், "அப்பாடா" என்றார், அது எங்கள் எல்லாருக்குமான வார்த்தை.

சென்னையின் சுரங்க ஸ்டேஷன்கள் பெரும்பாலும் இரண்டு தட்டு. மேல்தட்டில் டிக்கெட், கேட், பாதுகாப்புச் சோதனை. கீழ்த்தட்டில் பிளாட்பாரம். சாலையிலிருந்தே பக்கச் சுவர்களை முதலில் மண்ணுக்குள் இறக்கி, கூரையைப் போட்டு, அப்புறம் கீழே கீழே வெட்டிக் கட்டியவை. அதனால்தான் அண்ணா சாலை வருடக்கணக்கில் தகரத் தடுப்புக்குள் கிடந்தது. 2017 ஏப்ரல் 9இல் சர்ச் பார்க் பள்ளிக்குப் பக்கத்தில் சாலையே உள்வாங்கி ஒரு பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. உயிருக்கு ஆபத்தில்லாமல் எல்லாரும் மீண்டார்கள். இன்றைக்கு அதே மண்ணுக்கு அடியில் நள்ளிரவில் ஆயிரம் பேர் நின்றுகொண்டே தூங்கி வழிந்தபடி வீட்டுக்குப் போகிறார்கள். அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களை நான் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

சமீபத்திய சீசன்களில் வந்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். ஐபிஎல் ஆட்ட டிக்கெட்டில் இருக்கிற ஸ்கேன் கோடையே மெட்ரோ கேட்டில் காட்டிப் போய்வரலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். இலவசப் பயணம் என்றுதான் செய்திகளில் வந்தது. பணம் மிச்சமாவது நல்லதுதான். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய நன்மை வரிசை ஒழிந்ததுதான். ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஐந்நூறு பேர் கவுண்டரில் நின்று "சென்ட்ரலுக்கு ரெண்டு, கிண்டிக்கு மூணு" என்று சில்லறை தேடுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். மேல்தட்டு முழுக்க அடைத்துக்கொள்ளும். கூட்டத்தைச் சமாளிக்க எத்தனையோ கோடியில் கட்டுமானம் செய்யலாம். இங்கே ஒரு வரிசையை இல்லாமல் செய்தே அந்த வேலையில் பாதியை முடித்துவிட்டார்கள். யார் மனதில் உதித்த யோசனையோ, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிளாட்பாரத்தில் கண்ணாடித் தடுப்புக் கதவுகள். சுரங்க ஸ்டேஷன்களில் இது இருப்பதால் கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் யாரும் தண்டவாளத்தில் விழ முடியாது. பறக்கும் ரயில் நிலையத்தில் கிடைக்காத நிம்மதி இது, அதிலும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு. அந்தக் கண்ணாடியில் எங்கள் முகங்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. கன்னத்தில் பூசிய மஞ்சள் சாயம் வேர்வையில் வழிந்த ஒரு சின்னப் பையன், ஏழு என்று எண் போட்ட ஜெர்சி, கையில் இன்னும் விசில். அவன் அதை ஒரு தடவை ஊதினான். தரைக்கு அடியில், நாலு பக்கமும் சுவருக்குள் அது எப்படிக் கேட்டது என்று சொல்ல முடியாது. பிளாட்பாரத்தில் இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் அதற்குப் பதில் விசில் அடித்தார்கள். தோற்ற ஆட்டம்தான். ஆனாலும் அடித்தார்கள்.

1999இல் வாலாஜா சாலையில் கேட்ட செருப்புச் சத்தம் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாப்பில் நாங்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறிப் போனோம். இங்கே சிதறுவதற்கு முன்னால் எல்லாரும் இன்னொரு தடவை ஒன்றாக நிற்கிறோம், அவ்வளவு பக்கத்தில், முகத்துக்கு முகம். எதிர் அணியின் இளஞ்சிவப்பு ஜெர்சியில் இரண்டு பேர் தூண் ஓரமாக நின்றார்கள். ஒருவர் போய் அவர்களிடம், "நல்லா போட்டாங்க லாஸ்ட் ஓவர்" என்று கை கொடுத்ததைப் பார்த்தேன். மைதானத்தில் அவர்கள் வேறு ஸ்டாண்டில் இருந்திருப்பார்கள், பார்த்திருக்கவே வழியில்லை.

விமான நிலையம் போகிற முதல் ரயில் வந்தது. உள்ளே ஊசி விழ இடமில்லாமல் நிரம்பிப் போனது. நான் அப்பாவின் கையைப் பிடித்து நகர்ந்தேன். அவர் அசையவில்லை. அவர் கண் சுவரோரம் இருந்த இரும்பு பெஞ்சில் இருந்தது. ஒரு இளைஞர் அதைப் புரிந்துகொண்டு எழுந்து இடம் கொடுத்தார். அப்பா உட்கார்ந்தார்.

இரண்டாவது ரயிலும் போனது. எதிர்த் திசையில் சென்ட்ரல் பக்கம் போகிறவர்கள் வேகமாகக் குறைந்தார்கள். அடுத்த ஸ்டேஷனே சென்ட்ரல்தான், அங்கே இறங்கிப் பச்சைத் தடத்துக்கோ மின்சார ரயிலுக்கோ மாறிவிடலாம். பிளாட்பாரத்தின் தரை கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. காலி தண்ணீர் பாட்டில்கள், மஞ்சள் காகிதத் துண்டுகள், ஒற்றைச் செருப்பு. தூய்மைப் பணியாளர் ஒருவர் அதற்குள் நீண்ட துடைப்பத்தோடு வந்துவிட்டார். அவர் வீட்டுக்குப் போக எந்த வண்டி என்று தெரியவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஸ்டேஷனுக்கு நான் ஆசைப்படுவது அதிகமில்லை. ஸ்டேஷனுக்குள் எல்லாம் யோசித்துச் செய்திருக்கிறார்கள். வெளியே அந்த ஒரு கிலோமீட்டரையும் ஸ்டேஷனின் ஒரு பகுதியாகவே நினைத்தால் போதும். அகலமான நடைபாதை, மேடு பள்ளம் இல்லாமல், இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சம், நூறு அடிக்கு ஒரு இடத்தில் அப்பா மாதிரி ஆட்கள் உட்கார ஒரு கட்டை, குடிக்கத் தண்ணீர். மைதானத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே சுரங்கப் பாதை வெட்டி நேராக இணைக்கலாமே என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திறந்த வானத்துக்குக் கீழே கடல் காற்றில் கூட்டம் தானாக நீண்டு மெலிவதை எந்தச் சுரங்கமும் செய்யாது.

மூன்றாவது ரயில் வந்தது. கதவு திறந்தபோது உள்ளே உட்கார இடமே இருந்தது. அப்பா எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். வெளியே இருட்டுச் சுவர்தான் ஓடியது. எல்ஐசி வந்தது, ஆயிரம் விளக்கு வந்தது. அப்பா தன் உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினார்.

"இதுதான் பிட்ச். அந்தக் கடைசிப் பந்து எங்க விழுந்துச்சு, காட்டு."

நான் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். எதிர் சீட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்து, அதற்கும் உள்ளே என்றார். சைதாப்பேட்டை வரும்வரைக்கும் அந்தப் பந்து எங்கே விழுந்தது என்று மூன்று பேரும் பேசிக்கொண்டே வந்தோம்.